வாசகர் கேள்வி: தட்டில் வெடித்த கிழங்குப் பிளாஸ்டிக்

கேள்வி: மண்டியில் எடுக்காத பொடி உருளைக்கிழங்கு நாலைந்து மூட்டை மிஞ்சிவிட்டது. அதிலிருந்து மாவெடுத்து, வினிகரும் கிளிசரினும் விட்டுக் காய்ச்சித் தட்டில் ஊற்றினேன். விறகடுப்பருகே வைத்தது அப்பளமாய்ச் சுருண்டு வெடித்தது. திண்ணையில் வைத்தது பிசுபிசுத்துப் பூசணம் பூத்தது. கலவையில் தவறா?
— வாசகர், கேத்தி (நீலகிரி)

பதில்: பெரும்பாலும் உலர்த்தியதில்தான் தவறு. ஆனாலும் மாவிலிருந்தே பார்த்துவிடுவோம்.

கிழங்கைத் துருவியதும் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். காற்றுப் பட்டால் பழுப்பேறும். மெல்லிய வேட்டித் துணியில் பிழிந்து, அரை மணி தெளியவிட்டு, மேல்தண்ணீரை இறுத்துவிடுங்கள். தண்ணீர் கலங்காமல் தெளியும்வரை மூன்று நான்கு முறை இப்படிக் கழுவ வேண்டும். நார் தங்கினால் பிளாஸ்டிக் தகடு அந்த இடத்தில்தான் கிழியும். நன்கு காய்ந்த மாவை விரலிடுக்கில் நசுக்கினால் 'கறுக்' என்று சத்தம் வரும். பத்து கிலோவுக்கு ஒரு கிலோ மாவு தேறினாலே நல்ல கணக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கி, மண்ணோடு பரவும் முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரியில் 1961-லேயே கண்டறியப்பட்டது. ஆகவே மண்ணோடு கிழங்கு கழுவிய தண்ணீரை, கிழங்கு விளைந்த தோட்டத்தைத் தவிர வேறெங்கும் விடாதீர்கள்.

அளவு: மாவு 5 கிராம், தண்ணீர் 100 மில்லி, கிளிசரின் 2 கிராம், வினிகர் 5 மில்லி. பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, சிறுதீயில் கைவிடாமல் கிளறுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கவலை வேண்டாம், கிழங்கு மாவு 60-65 டிகிரியிலேயே வேகத் தொடங்கும். பால் நிறம் மாறிக் கண்ணாடிபோல் ஆனபின் ஐந்து நிமிடம் வைத்து இறக்குங்கள். அதற்குமேல் காய்ச்சினால் வினிகரின் புளிப்பு, மாவின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து, தகடு வலுவிழக்கும். குமிழி அடங்கியபின், 20 செ.மீ. அகலமுள்ள வழவழப்பான தட்டில் 3 மி.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள்.

இனி உலர்த்தல். அடுப்பருகே வைத்தால் மேல்பக்கம் முதலில் இறுகிச் சுருங்கும், அடி ஈரமாகவே இருக்கும். அந்த இழுவையில்தான் வெடிக்கிறது. திண்ணையிலோ மூடுபனியில் ஈரம் போகவே போகாது. கிளிசரின் வேறு காற்றின் ஈரத்தை இழுக்கும். 3 கிராமுக்கு மேல் போனால் கேத்தியில் தகடு காயாது. 1 கிராம்தான் என்றால் மடித்ததும் முறியும். மேலே துளையிட்ட மரப்பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு எரியவிட்டு, 40 டிகிரியை ஒட்டி வைத்திருங்கள். இரண்டாம் நாள் ஓரம் தானே கிளம்பும், அப்போது உரியுங்கள். வாரக்கணக்கில் வைத்தால் மாவு மறுபடி இறுகி மொரமொரப்பாகும், ஆகவே தேவைக்கு மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: இதில் கைப்பை செய்து விற்கலாமா?

பதில்: மழையில் நனைந்தால் கூழாகிவிடும். தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி மெல்லப் பூசினால் தூறல் தாங்கும். மடிப்பில் மெழுகு விரிசல் விடும். விதைப் பொட்டலத்துக்கும் தோட்டத்துப் பெயர்ச்சீட்டுக்கும் நன்றாக உதவும். மக்கும் பை என்று விற்பதானால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வாங்கியாக வேண்டும்.