வாடகைப் பணத்தையும் கடைக்குக் கொண்டுபோகும் கார்டையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள்

தம்பி, அமெரிக்கா வந்து மூன்று வாரம் ஆகிறது, கையில் டெபிட் கார்டு மட்டும்தான், யாராவது பணத்தைத் திருடினால் வங்கி திருப்பித் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தரும். அது வரும்வரை எதை வைத்துச் சமாளிப்பீர்கள் என்பதுதான் என் கவலை.

நான் வந்த மூன்றாம் ஆண்டு, நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் நிலையத்தில் பம்பிலேயே கார்டைத் தேய்த்துப் பின் எண்ணையும் அழுத்தினேன். நான்கு நாள் கழித்து, நான் போயிராத ஓர் ஊரின் ஏடிஎம்மில் என் பணத்தை எடுத்திருந்தார்கள். மாதக் கடைசி. வாடகைக்குக் கொடுத்த காசோலை திரும்பிவிட்டது. வங்கி பிறகு முழுத் தொகையையும் கொடுத்தது. ஆனால் அதுவரை ஒன்பது நாட்கள் நண்பரிடம் கடன் வாங்கி நின்றேன். அந்த அவமானம் இன்னும் நினைவிருக்கிறது. கிரெடிட் கார்டில் திருட்டு நடந்தால், சர்ச்சைக்குரிய தொகையைக் கட்டாமலே முறையிடலாம். டெபிட் கார்டில் உங்கள் பணம் முதலில் போய்விடுகிறது.

சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும், ஆனால் நாட்களை எண்ணும். 1978ஆம் ஆண்டின் மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டத்தின் கீழ் 'ரெகுலேஷன் ஈ' என்றொரு விதி இருக்கிறது. கார்டு தொலைந்தது தெரிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னால், உங்கள் தலையில் விழுவது அதிகபட்சம் 50 டாலர். தாமதித்தால் 500 வரை போகலாம். கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டு 60 நாட்கள் கடந்தும் பேசாமல் இருந்தால், அதன் பிறகு திருடப்படும் பணத்துக்கு வரம்பே இல்லை. கார்டு உங்கள் பையிலேயே இருக்க அதன் எண்ணை மட்டும் திருடியிருந்தால், அந்த 60 நாட்களுக்குள் சொன்னாலே ஒரு டாலரும் உங்கள் பொறுப்பல்ல.

விசாரிக்க வங்கிக்குப் பத்து வேலை நாட்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால், பெரும்பாலும் பணத்தைத் தற்காலிகமாகக் கணக்கில் வைத்துவிட்டுத்தான் தொடர வேண்டும். உங்களுடையதுபோல் புதிய கணக்குக்கு அந்தப் பத்து, இருபதாகிறது. தொலைபேசியில் சொன்னதை வங்கி எழுத்திலும் கேட்டால் உடனே கொடுங்கள். தாமதித்தால் அந்தத் தற்காலிகப் பணத்தை நிறுத்திவைக்க வங்கிக்கு உரிமை உண்டு.

அதனால் வாடகைக்கும் அவசரத்துக்குமான பணத்தை, கார்டே இல்லாத சேமிப்புக் கணக்கில் வையுங்கள். கார்டுக் கணக்கில் பணம் குறைந்தால் சேமிப்பிலிருந்து தானாக எடுக்கும் வசதியை வங்கியிடம் சொல்லி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் திருடனுக்கு இரண்டு கணக்கும் திறந்துவிடும். ஒவ்வொரு செலவுக்கும் குறுஞ்செய்தி வரச் செய்யுங்கள். பணம் எடுக்க வங்கிக்குள் இருக்கும் ஏடிஎம்முக்கே போங்கள். கடன் வரலாறு இல்லாதவர்களுக்கும் முன்பணம் கட்டி வாங்கும் கிரெடிட் கார்டு கிடைக்கிறது. பெட்ரோலுக்கும் இணையக் கடைகளுக்கும் அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தைக் காப்பாற்ற வேண்டும்" என்று யாராவது அழைத்து, ஸெல் (Zelle) என்ற, வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் சேவை வழியாகப் பணத்தை மாற்றச் சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள். நீங்களே அனுப்பிய பணத்தை மீட்பது மிகக் கடினம். பிறகு நீங்களே வங்கியை அழைத்துக் கேளுங்கள். அந்த எண் கார்டின் பின்புறம் இருக்கிறது. கார்டு தொலைந்தால் அதுவும் போய்விடும். இன்றே அதைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.