சமைப்பவருக்கும் ஒரு தட்டு வையுங்கள்

கேள்வி: நான் தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாய். மூத்தவளுக்கு 9 வயது, இளையவனுக்கு 5 வயது. விதவிதமாகச் சமைப்பதிலும் ருசித்துச் சாப்பிடுவதிலும் எனக்குக் கொள்ளை ஆசை. இப்போதோ பிள்ளைகள் சாப்பிடும் நாலைந்து காரமில்லாத பதார்த்தங்களையே மாற்றி மாற்றிச் செய்கிறேன். எனக்கென்று தனியாகச் செய்ய நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அவர்கள் மிச்சம் வைத்ததை அடுப்பின் அருகில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். இதை எப்படி மாற்றுவது?

பதில்: உங்கள் கடிதத்தில் நின்றபடியே சாப்பிடுவதாக நீங்கள் எழுதியிருக்கும் வரிதான் என்னை வருத்தியது. சாப்பாட்டின்மீது பிள்ளைகளுக்கு விருப்பம் வருவது, தாங்கள் நம்புகிற ஒருவர் எதிரே உட்கார்ந்து அதே உணவை ரசித்துச் சாப்பிடுவதை நாள்தோறும் பார்ப்பதால்தான். இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒருவர் பரிமாறினாலும் மற்றவர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். உங்கள் வீட்டிலோ அந்த இரண்டு இடங்களுக்கும் நீங்கள் ஒருவர்தான். ஆகவே, சமையலை மாற்றுவதற்கு முன்பு நீங்கள் உட்காருவதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தண்ணீர், கரண்டி, துடைக்கத் துணி எல்லாவற்றையும் முன்னதாகவே எடுத்துவைத்துவிட்டு, மூவரும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். நடுவில் எழுந்து எடுத்துவரும் வேலையை 9 வயதுப் பெண் உங்களோடு தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

அடுத்தது, இரண்டு சமையல் என்ற சுமை. ஒரே சமையலைச் செய்து, கடைசிக் கட்டத்தில் பிரித்துக்கொள்வதுதான் நான் கண்டவரையில் நிலைத்து நிற்கிற வழி. வேகவைத்த பயறு, வதக்கிய காய், முட்டை, சாதம் போன்ற அடிப்படையை மூவருக்கும் பொதுவாகச் செய்துவிட்டு, பிள்ளைகளின் பங்கை எடுத்துவைத்த பிறகு, உங்களுக்கு வேண்டிய காரத்தையும் புளிப்பையும் மணத்தையும் மீதியில் சேருங்கள். சூடான எண்ணெயில் பூண்டும் மிளகாயும் சிவந்து வரும்போது எழும் அந்த மணம் உங்கள் தட்டுக்கு மட்டுமே உரியதாக இருக்கட்டும். அதை முகர்ந்துவிட்டு, ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன் என்று உங்கள் மகள் கேட்கும் நாள் வரும். அன்று ஒரு துளி மட்டும் கொடுங்கள்.

‘என் பையன் எதையும் தொடமாட்டானே’ என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஏறத்தாழ 2 வயது முதல் 6 வயது வரை புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது பிள்ளைகளின் இயல்பு. ஒரு காயை ஏற்றுக்கொள்ள ஒரு குழந்தைக்கு எட்டு, பத்து முறை, சில சமயம் பதினைந்து முறைகூட அதைச் சுவைத்துப் பழக வேண்டியிருக்கும். பெரும்பாலான பெற்றோர் மூன்றாவது, நான்காவது முறையிலேயே கைவிட்டுவிடுகிறோம். விரலால் ஒரு பீன்ஸைத் தொட்டு, முகர்ந்து, ஓரத்தை நாக்கால் தீண்டிவிட்டுத் தட்டின் விளிம்பிலேயே திருப்பி வைத்தாலும், அவன் அதனோடு பழகத் தொடங்கிவிட்டான் என்றே கொள்ளுங்கள். பாராட்டவும் வேண்டாம், கடியவும் வேண்டாம். ஒவ்வொரு வேளையும் அவன் நிச்சயம் சாப்பிடும் ஒரு பொருளாவது தட்டில் இருந்தால் போதும்.

அமெரிக்க உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டர் 1980களில் வகுத்துத் தந்த பிரிவினை உங்களுக்கு உதவும்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கிறார்கள், சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கிறது. அதற்கும் முன்பே, 1920களின் பிற்பகுதியில், கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர், அப்போதுதான் பால் மறந்த குழந்தைகளின் முன் எளிய, கலப்பில்லாத பல உணவுகளை வைத்து அவர்கள் விருப்பப்படி உண்ணவிட்டுக் கவனித்தார். ஒரு வேளை இதை, மறு வேளை அதை என்று தாறுமாறாக உண்டபோதிலும் அவர்கள் நன்றாகவே வளர்ந்தார்கள். முன்வைக்கப்பட்ட உணவுகளின் தேர்வில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். அந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்கிறது; அதில் உங்கள் நாக்குக்கும் பங்கு உண்டு.

கேள்வி: வார விடுமுறையில் மொத்தமாகச் சமைத்து வைத்துக்கொண்டால்தான் வேலை நாட்களைத் தள்ள முடிகிறது. எத்தனை நாள் வரை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: குளிர்பெட்டியில் மூன்று, நான்கு நாட்கள் வரை வைக்கலாம். அதற்கு மேல் வேண்டியதை உறைபெட்டியில், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸில் வையுங்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி ஆறுவதற்கு வெகுநேரமாகும் என்பதால், அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். சாதத்தில் கூடுதல் கவனம் தேவை. அரிசியில் இருக்கக்கூடிய பேசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சாதம் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே சாதத்தை விரைவில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். எந்த உணவானாலும் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கும் அளவுக்கு ஒரே ஒரு முறை சூடாக்குங்கள்.

கேள்வி: 4 வயது மகனைத் தனியாக வளர்க்கும் தந்தை நான். வெளியே போய் நல்ல சாப்பாடு சாப்பிட்டு வெகுகாலமாகிறது. அவனை அழைத்துக்கொண்டு உணவகத்துக்குப் போனால் பத்தாவது நிமிடமே அமளி. நான் எதைச் சாப்பிட்டேன் என்பதே தெரியாமல் வீடு திரும்புகிறேன்.

பதில்: அவன் அழும்போது வெளியே தூக்கிச்செல்ல இன்னொருவர் உங்களோடு இல்லை என்பதால், அந்த நிலை வராதபடி முன்னதாகவே திட்டமிடுவதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும். கூட்டம் சேர்வதற்கு முன்பு, உணவகம் திறந்தவுடனேயே போங்கள். அப்போது சமையலறை விரைவாகத் தரும், பணியாளர்களும் பொறுமையாக இருப்பார்கள். உணவுப் பட்டியலை வீட்டிலேயே பார்த்து முடிவுசெய்துவிடுங்கள். உட்கார்ந்தவுடன் பையனுக்கானதைச் சொல்லி, அதை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசிப் பதார்த்தம் மேசைக்கு வரும்போதே பில்லையும் கேட்டு வாங்கிக் கட்டிவிட்டால், எந்த நிமிடமும் மீதியைப் பொதிந்துகொண்டு எழுந்துவிடலாம். கழிப்பறைக்குப் போக நேர்ந்தால், திரும்பி வருவோம், தட்டை எடுக்க வேண்டாம் என்று பணியாளரிடம் சொல்லிவிட்டு, பணப்பையோடு பையனையும் அழைத்துச் செல்லுங்கள்.

குழந்தைகளுக்கென்று தனியாக அச்சிட்ட பட்டியலை நான் அதிகம் நம்புவதில்லை. எங்கே போனாலும் அதில் பொரித்த நாலைந்து பொருள்கள்தான் இருக்கின்றன. உங்களுக்கு ஆசையானதை வரவழைத்து, ஒரு சிறு தட்டில் அவனுக்கும் கொஞ்சம் வையுங்கள். முழுத் திராட்சை, கொட்டைகள், உருண்டையான இறைச்சித் துண்டுகள் ஆகியவை இந்த வயதிலும் மூச்சுக்குழாயை அடைக்கும் அபாயம் உள்ளவை என்பதால், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். காத்திருக்கும் நேரத்துக்குக் காகிதமும் வண்ணக்குச்சியும் போதும். கைபேசியைக் கொடுத்தால் அவன் தட்டையே பார்க்கமாட்டான். முக்கால் மணி நேரம் அமைதியாகக் கழிந்தால் அது நல்ல விருந்து. அதற்கு மேல் 4 வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கேள்வி: பிள்ளைகள் தங்கள் தந்தையோடு இருக்கும் நாட்களில் எனக்கு மட்டும் சமைக்க மனம் வருவதில்லை. தனியாக உணவகத்துக்குப் போவதும் குற்ற உணர்வைத் தருகிறது.

பதில்: தயங்காமல் போங்கள். பிள்ளைகளோடு போக முடியாத, மெதுவாகப் பரிமாறும், காரசாரமான உணவுள்ள இடத்தையே தேர்ந்தெடுங்கள். பரிமாறும் நீள்மேசையின் ஓரத்தில் இடம் கேளுங்கள்; தனியாக வருபவருக்கு அந்த இருக்கை வசதியானது, சமைப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிடித்துப்போன பதார்த்தத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், அடுத்த வாரம் பிள்ளைகள் வந்ததும் காரத்தைக் குறைத்து வீட்டில் செய்து பார்க்கலாம். வெளியே போக மனமில்லாத இரவுகளுக்கு, ஒருவருக்கான பங்காகப் பிரித்து, நீங்கள் மட்டுமே விரும்பும் ஏதாவது ஒன்றை உறைபெட்டியில் எப்போதும் இருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.