கடல்நாய்க் குட்டி தனியாக இருந்தால்…

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரைக்குப் போய்க் கடல்நாய்களைப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். எங்கே போவது நல்லது? ஒரு வீடியோவில் குட்டி ஒன்று தனியாகக் கிடந்து அழுதது. தாய் விட்டுவிட்டுப் போய்விடுமா? நேரில் அப்படிப் பார்த்தால் என்ன செய்வது?
– வாசகி, பர்மிங்ஹாம்

பதில்: விடுமுறையில்தான் போக முடியும் என்றால் நார்ஃபோக்கில் உள்ள ஹார்சிக்குப் போங்கள். லிங்கன்ஷயரின் டோனா நூக்கும் பேர்போன இடம்தான். ஆனால் அங்கே நவம்பர் கடைசியில்தான் கடல்நாய்க் கூட்டம் அதிகம். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பெரும்பாலானவை கிளம்பிவிடும். ஹார்சியில் ஜனவரியிலும் குட்டிகளைப் பார்க்கலாம்.

நீங்கள் பார்த்த கண்ணீர் துக்கத்தால் வந்ததல்ல. நமக்குக் கண்ணீர் மூக்குக்குள் வடிய ஒரு குழாய் இருக்கிறது. கடல்நாய்க்கு அது கிடையாது. கண்ணை ஈரமாக வைக்கச் சுரக்கும் நீர் கன்னத்து மயிரை நனைத்துக்கொண்டு வழிகிறது, அவ்வளவுதான். கத்துவது மட்டும் பெரும்பாலும் பசிக்காகத்தான்.

தாய் விட்டுப் போகுமா என்றால், ஆமாம், போகும். பிறக்கும்போது குட்டி சுமார் 14 கிலோ. வெள்ளை மயிரில் மஞ்சள் கறை படிந்திருக்கும், தொப்புள்கொடி கூடத் தொங்கும். தாய்ப்பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதைக் குடித்து மூன்றே வாரத்தில் குட்டி மூன்று மடங்காகிவிடும். அந்த நாட்களில் தாய் பொதுவாக இரை எடுப்பதில்லை, தன் உடம்பைக் கரைத்துத்தான் ஊட்டுகிறது. என்னைப் பொறுத்தவரை அந்தக் கடற்கரையில் இதைவிடப் பெரிய அதிசயம் இல்லை. பால் மறந்ததும் தாய் கடலுக்குப் போய்விடும். குட்டி வெள்ளை மயிரை உதிர்த்துவிட்டு, சேர்த்துவைத்த கொழுப்பில் சில வாரம் தாக்குப்பிடித்து, பிறகு தானே கடலில் இறங்கும்.

அதற்கு முன்பும் தாய் அவ்வப்போது தண்ணீருக்குள் போய்வருவது உண்டு. அதனால் தனியாகக் கிடக்கும் குட்டியைத் தயவுசெய்து நெருங்காதீர்கள். பக்கத்தில் ஆள் நின்றால் தாய் கரையேறப் பயப்படும். அப்படியே திரும்பாமலும் போகலாம். பாவம் பார்த்துத் தண்ணீரில் தள்ளிவிடுவது அதைவிடக் கொடுமை. அந்த வெள்ளை மயிர் குளிர்ந்த நீரைத் தாங்காது. காயமோ நோயோ இருப்பதாகத் தோன்றினால் அங்கே நிற்கும் தன்னார்வலர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஹார்சியில் மணல்மேட்டின் மேலிருந்தே நன்றாகத் தெரியும், கயிற்றைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. பைனாகுலர் ஒன்று எடுத்துப் போங்கள். வடகடல் காற்று எலும்பு வரை குத்தும், பிள்ளைகளுக்குக் காதை மூடும் தொப்பி கட்டாயம். அப்புறம் ஒன்று: வீசி விளையாடும் பிளாஸ்டிக் வளையங்களைக் காரிலேயே விட்டுவிடுங்கள். கடலில் விழுந்த வளையத்தில் தலையை நுழைத்த கடல்நாய்க்கு, உடம்பு வளர வளர அது கழுத்தை அறுத்துக்கொண்டே போகும்.