435 ரூபா எப்பிடி 434.99999999999994 ஆகிச்சு?

கல்முனையில இரிந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. வாப்பாட பொலித்தீன் பேக் கடைக்கு ஓடர் எடுக்கிற வெப்சைட் ஒண்டு ஒராளப் பிடிச்சு செய்விச்சிருக்காங்க. சின்ன பேக் ஒண்டு 4.35, நூறு எடுத்தா 435 வரோணும், ஆனா பில்லில 434.99999999999994 எண்டு வருதாம். இன்னொரு சாமான் 1250.5 எண்டு நிக்கிதாம், அதுக்குப் பக்கத்தில ஒண்டு 1250 எண்டு மொட்டையா நிக்கிதாம். செஞ்சு குடுத்தவர்ட்ட கேட்டா "இது சேர்வர் பிரச்சின, கரன்சி பிளகின் வாங்கோணும், 35,000 ஆகும்" எண்டாராம். வாப்பா காசோட ரெடி, குடுக்கலாமா எண்டுதான் கேள்வி.

குடுக்காதீங்க தங்கச்சி. சேர்வருக்கும் இதுக்கும் ஒரு தொடுசலும் இல்ல, அஞ்சாறு வரிக் கோட்டில முடியிற வேல.

கொம்பியூட்டர் புள்ளிக்குப் பிறகு வாறத அரை, கால், அரைக்கால் எண்டு பாதி பாதியாத்தான் கூட்டி வெச்சிக்கும். அப்பிடி வெட்டிக் கூட்டினா 4.25 சரியா வரும், 4.35 வராது, அதால 4.35க்கு மயிரிழை குறைவா ஒரு எண்ண எழுதி வெச்சிரும். நூறால பெருக்கின உடன அந்தக் குறை வெளிய வந்து நிக்கும். சில சாமானுக்கு மட்டும் வந்து பேய்க்காட்டுறது இதாலதான். 1985ல வந்த ஐஇஇஇ 754 எண்ட முற இது, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, பைதன் எல்லாம் இதத்தான் பாவிக்கிது, 35,000 ரூபாக்கு பிளகின் வாங்கினாலும் அதுவும் இதுக்கு மேலதான் ஓடும்.

செய்ய வேண்டியது இதுதான். மொத்தத்த நூறால பெருக்கி மேத் டொட் ரவுண்ட் (கிட்டின முழு எண்ணுக்கு மாத்துற கட்டளை) போடுங்க, 43500 சதம் வரும். அது நூறால மிச்சமில்லாமப் பிரிஞ்சா ரூபாய மட்டும் காட்டுங்க, மிச்சம் வந்தா கட்டாயம் ரெண்டு தசம தானம் காட்டுங்க. அப்ப 1,250 எண்டும் 1,250.50 எண்டும் வரும். 1250.5 எண்டு ஒத்தத் தானத்தில விலை போடுற கடைய எங்கயாச்சும் கண்டிருக்கிங்களா? சதக் காசக் கையில பிடிச்சே எவ்வளவு காலம், ஆனா பில்லில அது சரியா நிக்காட்டி சனம் கடைக்காரரத்தான் சந்தேகப்படும்.

இதில ஒழுங்கு முக்கியம், கொஞ்சம் நிண்டு கேளுங்க. கனபேர் ரவுண்ட் பண்ண முதல்ல நம்பர் டொட் இஸ்இன்டீஜர் போட்டு இது முழு எண்ணா எண்டு கேப்பாங்க. 434.99999999999994 முழு எண் இல்லதானே, அப்ப கோட் தசமம் இரிக்கெண்டு நினைச்சு 435.00 எண்டு காட்டும், பக்கத்தில 87 ரூபாப் பேக் அஞ்சு எடுத்தவருக்கு 435 எண்டு காட்டும், ஒரே காசு ரெண்டு கோலத்தில நிக்கும். அதவிட மோசம், தசமம் வேணாமெண்டு பார்ஸ்இன்ட் (புள்ளிக்குப் பிறகு வாறத வெட்டி எறியிற கட்டளை) போடுறது, போட்டா 434, ஒரு ரூபா போச்சு. பிஎச்பில இது இன்னும் கள்ளத்தனமா நடக்கும், திரையில 435 எண்டு நல்ல பிள்ளையாக் காட்டும், அதையே இன்ட் (முழு எண்) ஆக்கிப் பாருங்க, 434 தான். அதால முதல்ல ரவுண்ட், அதுக்குப் பிறகுதான் முழு எண்ணா எண்ட கேள்வி. இப்ப வாற பிரவுசர்ல எண்ண அழகாக் காட்டுற இன்டில் நம்பர்ஃபோமட்டில ட்ரெய்லிங்சீரோடிஸ்ப்ளே எண்ட இடத்தில ஸ்ட்ரிப்இஃப்இன்டீஜர் எண்டு குடுத்தா இந்த ஒழுங்கில அதுவே செஞ்சிரும், தசம தானம் குறைஞ்சதும் 2 கூடினதும் 2 எண்டு சேத்துக் குடுங்க. பழைய ஃபோனில அதுக்கு விளங்காது, 435.00 எண்டு காட்டும், அவ்வளவுதான்.

தசம தானத்த ரெண்டா நிப்பாட்டுற டூஃபிக்ஸ்ட் போட்டா போதாதா எண்டு கேப்பிங்க. அது திருப்பித் தாறது எழுத்து, எண் இல்ல. ரெண்டக் கூட்டினா 435.00250.00 எண்டு ஒட்டிக்கிட்டு வரும். இதுக்கு அண்ணன் கம (,) போட்ட எண். 1,250.50 எண்டு அழகாக் காட்டிட்டு அதையே திரும்ப எடுத்து எழுத்த எண்ணாக்கிற பார்ஸ்ஃப்ளோட்டுக்குக் குடுத்தா கமயில நிண்டிரும், கிடைக்கிறது 1. ஆயிரத்து இருநூத்தம்பது ரூபாச் சாமான் ஒரு ரூபாக்குப் போகும். கமயும் .00வும் திரையோட நிக்கோணும், டேட்டாபேஸுக்குள்ள போகக்கூடா. அங்க டெசிமல் 10,2 (மொத்தம் பத்து இலக்கம், அதில ரெண்டு தசமம்) எண்டு வைங்க, இல்லாட்டி சதமாவே முழு எண்ணா வைங்க. ஃப்ளோட் (மேல சொன்ன பாதி பாதியாக் கூட்டுற முற) வேணாம்.

நாட்டு வழக்கப்படி எண்ணக் காட்டுற டூலோக்கேல்ஸ்ட்ரிங் போடுறவங்க உள்ளுக்கு நாட்டக் குடுக்காம விடுறது அடுத்த வில்லங்கம். ஜேர்மன்ல இரிக்கிற மச்சான் அவர்ட ஃபோனில பாத்தா 1.250,50 எண்டு வரும், எங்கட ஆளுக்கு அது ஒண்டேகால் ரூபா. இந்தியா வீடியோ பாத்துப் படிக்கிறவங்க ஈஎன்-ஐஎன் (இந்திய இங்கிலீஷ்) எண்டத அப்பிடியே கொப்பி பண்ணிருவாங்க, ஒண்டேகால் லட்சம் 1,25,000 எண்டு நிக்கும். நாங்க வாயால லட்சம் எண்டாலும் பில்லில 125,000 எண்டுதான் போடுறம். ஈஎன்-எல்கே (இலங்கை இங்கிலீஷ்) எண்டு குடுங்க, முடிஞ்சிச்சு.

இப்ப அந்த 35,000 காரர். இந்தப் பக்கம் மட்டக்களப்பில இரிந்து அக்கரைப்பற்று வரைக்கும் இப்பிடி ஆக்கள் இரிக்காங்க, இனாமாக் கிடைக்கிற டெம்ப்ளேட் ஒண்ட எடுத்துப் பேர மாத்திக் குடுத்துட்டு வருசா வருசம் காசு கேப்பாங்க. நம்பர் பிரச்சினைய விடுங்க, நான் முதல்ல கேக்கிறது டொமைன் (வெப்சைட்ட விலாசம்) யாரிட பேரில இரிக்கு? டொட் எல்கே எண்டா எல்கே டொமைன் றெஜிஸ்ட்ரியில வாப்பாட பேரு இரிக்கோணும், ஹொஸ்டிங் (வெப்சைட் நிக்கிற இடம்) பாஸ்வேர்ட் வாப்பாட கையில இரிக்கோணும். அவர்ட பேரில இரிந்தா நாளைக்கு சண்ட வந்தா கடைட பேரே அவர்ட்டத்தான். இந்தக் கிழமையே எழுத்தில கேளுங்க, "பிறகு பாப்பம்" எண்டா விளங்கிக்கொள்ளுங்க. அந்தப் பொடியன்கள மட்டும் பிழ சொல்லவும் ஏலா, மூணு மாசத்தில டிப்ளோமா எண்டு போஸ்டர் ஒட்டுற இடங்கள்ல பட்டனுக்குக் கலர் பூசப் படிப்பிக்காங்க, காசக் கணக்குப் பாக்கப் படிப்பிக்கிறல்ல, சேர்டிஃபிக்கட்ட மட்டும் ஃபிரேம் போட்டுக் குடுப்பாங்க.

நிறைக்கு விக்கிற பேக் ரோலும் இரிக்கெண்டு எழுதியிருந்திங்க. அதுக்கு மூணு தானம் வைங்க, கிராம் வரும். ஓடர் ஃபோமில நம்பர் பெட்டிக்கு ஸ்டெப் (எவ்வளவு எவ்வளவாக் கூடலாம் எண்டது) குடுக்காம விட்டிருந்தா 2.5 கிலோ எண்டு அடிக்க விடாது, 2 இல்லாட்டி 3 போடு எண்டு சண்டைக்கு வரும். ஸ்டெப்ப 0.001 ஆக்குங்க.