வக்கீல் எம்.பி. ஆகிவிட்டால் வக்காலத்து செல்லாதா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் அப்பா விட்டுச்சென்ற மாந்தோப்பில் பங்கு கேட்டு, அண்ணன் மீது கிருஷ்ணகிரி சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு போட்டேன். என் வக்கீல் அப்போது வெளிமாவட்டத் தொகுதி ஒன்றின் எம்.எல்.ஏ.; இப்போது எம்.பி. வாய்தாவுக்கு ஜூனியர்தான் வருவார். மூன்று வாரத்துக்கு முன் அவரும் வராததால் வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. 'அரசுச் சம்பளம் வாங்குகிறவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது; சில நாள் இரண்டு பதவியிலும் இருந்தார்; வழக்கு நடத்த அவருக்கு எழுதிக் கொடுத்த வக்காலத்தே செல்லாது' என்கிறது அண்ணன் தரப்பு. வேறு வக்கீல் வைக்கலாம் என்றால், ஃபீஸ் பாக்கியைக் கொடுத்தால்தான் கேஸ் கட்டு கிடைக்குமாம். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அம்மா, அவர் பதவியைப் பற்றிய விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். வாதி ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்க மனு போடக் கெடு 30 நாள். அதில் மூன்று வாரம் போய்விட்டது. புதிய வக்கீல் அமையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த ஜூனியரையே இந்த வாரம் மனு போடச் சொல்லுங்கள். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனியாக ஒரு மனு, அதற்கு ஒரு விசாரணை என்று இழுக்கும்.

மனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் 'வக்கீல் நாடாளுமன்றத்தில் இருந்தார்' என்ற ஒரே வரியை நம்பாதீர்கள். வக்கீலுக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை என்பதே வழக்கைத் தள்ளிவைக்கக் காரணம் ஆகாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம்; நாடாளுமன்றத்துக்கு மட்டும் தனிச் சலுகை எதிர்பார்க்க முடியாது. வழக்கை வக்கீலிடம் ஒப்படைத்தீர்கள், தேதிகளை அவ்வப்போது விசாரித்தீர்கள், தவறு உங்களுடையது அல்ல என்பதை விவரமாக எழுதுங்கள். வக்கீல் வராததற்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981-ல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குத் துணை நிற்கும். செலவுத்தொகை கட்டச் சொன்னால் முணுமுணுக்காமல் கட்டிவிடுங்கள்.

இனி அண்ணன் தரப்பு வாதம். முழுநேரச் சம்பள ஊழியர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்பது வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி 49. எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கும் இது பொருந்தும் என்று அஸ்வினி குமார் உபாத்யாய் தொடுத்த வழக்கை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் யாருக்கும் ஊழியர் அல்ல. அவர் வாங்கும் ஊதியம் அரசுக் கருவூலத்திலிருந்து வந்தாலும் அங்கே முதலாளி-தொழிலாளி உறவு கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதிகளைப் பதவிநீக்கும் தீர்மானம் கொண்டுவரும் அதிகாரம் எம்.பி.க்கு இருக்கிறதே என்ற வாதமும் எடுபடவில்லை. ஆகவே வக்காலத்து செல்லும். உங்கள் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சேலத்தில் நன்றாக நடந்துகொண்டிருந்த வக்கீல் தொழிலை ஒத்துழையாமை இயக்கத்தின்போது கைவிட்டவர். சட்டமன்றத்துக்கு அவர் போனது அதற்கு வெகுகாலம் கழித்து, 1937-ல். அந்தத் துறவை இன்றைய உறுப்பினர்களிடம் சட்டம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை.

இரட்டைப் பதவி விஷயத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 101-வது பிரிவின்கீழ் வகுத்த விதிகள் 14 நாள் அவகாசம் தருகின்றன. அதற்குள் சட்டமன்றப் பதவியை விடாவிட்டால், பறிபோவது எம்.பி. பதவிதான். 2021-ல் வேப்பனஹள்ளியில் வென்ற கே.பி.முனுசாமி மாநிலங்களவைப் பதவியைத் துறந்துவிட்டு எம்.எல்.ஏ.வாகத் தொடர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இதற்கும் வக்காலத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கேஸ் கட்டைப் பிடித்துவைப்பது தவறு. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களை வக்கீல் நிறுத்திவைக்க முடியாது என்று 2000-ம் ஆண்டில் ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. பாக்கியை அவர் தனியாக வசூலித்துக்கொள்ளட்டும். மூலப்பத்திரம், சிட்டா, பிராது நகல் எனப் பட்டியலிட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் கேளுங்கள். வக்காலத்தை மாற்ற அவர் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தராவிட்டால், நீதிமன்ற அனுமதி கேட்டுப் புதிய வக்கீல் மனு போடலாம். அப்போதும் கட்டு வராவிட்டால் சென்னையில் உள்ள தமிழ்நாடு பார் கவுன்சிலில் வழக்கறிஞர் சட்டம் 35-வது பிரிவின்கீழ் புகார் கொடுங்கள். அந்தப் புகார் உங்கள் வழக்கை மீட்டுத் தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நுகர்வோர் நீதிமன்றக் கதவு 2024 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

வழக்கு திரும்பக் கோப்புக்கு வந்ததும் இன்னொரு மனு உடனே தேவை. தோப்பை அண்ணன் பூவிலேயே வியாபாரிக்குக் குத்தகை பேசிவிட்டால், காய் மாங்கூழ் ஆலைக்கு லாரி ஏறிய பிறகு உங்கள் பங்குப் பணத்தை யாரிடம் தேடுவீர்கள்? குத்தகைத் தொகையை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லியோ, தோப்பை நிர்வகிக்க ரிசீவர் நியமிக்கச் சொல்லியோ மனு போட வேண்டும். போன வருடக் குத்தகைச் சீட்டின் நகல் கேஸ் கட்டில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.