பத்து நாள் குட்டிக்கு ரத்தம் குறைந்தால் ஊசி வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில் லிம் சூ காங் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். பிறந்த அன்று பிசிவி 34 இருந்த பெட்டைக் குட்டிக்குப் பத்தாம் நாள் 26தான் வந்தது. பால் நன்றாகக் குடிக்கிறது. இரும்பு ஊசி போடலாமா? வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் போட்டால் சீக்கிரம் தேறும் என்கிறார் ஊரிலிருக்கும் அண்ணன்.

பதில்: பால் குடித்துத் துள்ளும் குட்டிக்கு 26 பயப்பட வேண்டிய எண் அல்ல. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இடம் பிடித்திருக்கின்றன என்பதுதான் பிசிவி. வளர்ந்த ஆட்டுக்கே 22 முதல் 38 வரை இயல்பு. தாய் வயிற்றில் பிராணவாயு குறைவு. அதனால் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் சிவப்பணு உற்பத்தியை முடுக்கிக்கொண்டே இருக்கும். பிறந்து மூச்சு விட்டதும் அந்த முடுக்கம் தளர்கிறது. சீம்பால் குடித்ததும் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடி ரத்தம் நீர்க்கிறது. கருவில் உருவான பழைய அணுக்களும் ஒவ்வொன்றாக அழிகின்றன. எண் இறங்காமல் என்ன செய்யும்?

முதலில் எண்ணையே சந்தேகப்படுங்கள். ஆட்டின் சிவப்பணு மனிதருடையதில் பாதிகூட இராது. மனித ரத்தத்துக்கென அமைத்த எந்திரம் அதை ரத்தம் உறைய உதவும் தட்டணு என்று எண்ணிவிடும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தமெடுத்து மைக்ரோ சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பார்ப்பதே நம்பகமானது. அதையும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் சுற்ற வேண்டும். ஆட்டு அணுக்கள் எளிதில் படியாது, அவசரப்பட்டு நிறுத்தினால் எண் கூடுதலாகக் காட்டும். ஊதா மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் நேர்மாறு: ரத்தம் உறையாமலிருக்க அதில் இருக்கும் ஈடிடிஏ மருந்து மிஞ்சி அணுக்கள் சுருங்கும், எண் குறையும். நிரப்பியதும் குழாயை மெதுவாக எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள்.

இரும்பு ஊசிப் பழக்கம் பன்றிக்குட்டியிலிருந்து வந்தது. அதற்கு நாளொன்றுக்கு 7 முதல் 10 மில்லிகிராம் இரும்பு தேவை, தாய்ப்பாலில் வருவதோ 1 மில்லிகிராம் அளவுதான். அதனால் பிறந்த சில நாளிலேயே 200 மில்லிகிராம் போடுகிறார்கள். ஆட்டுக்குட்டி அவ்வளவு வேகமாக வளர்வதில்லை. மண்ணே படாத பலகைத் தரையில், வெறும் பாலிலேயே வாரக்கணக்கில் வளர்த்தால் அதற்கும் இரும்பு குறையும்தான். முதல் வாரத்திலிருந்தே கைப்பிடி வைக்கோலும் குட்டித் தீவனமும் வைத்தால் பெரும்பாலும் ஊசிக்கு வேலையில்லை. வைட்டமின் ஈ, செலினியம் குறைந்த குட்டிக்கு இரும்பு ஊசியே நஞ்சாகலாம். மருத்துவர் அளவு சொல்லாமல் போடாதீர்கள்.

அண்ணன் சொல்வது வேறு கதை. பிறந்த குட்டியின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஏற்கெனவே மிகுதி. அதை வாங்கும் ஏற்பிகள்தான் கல்லீரலில் இன்னும் போதவில்லை. அதனால் ஐஜிஎஃப்-1 என்ற அடுத்த கட்ட ஹார்மோன் குறைவாகவே சுரக்கும். கதவு திறக்காத வீட்டில் மணியை இன்னும் பலமாக அடித்து என்ன பயன்? ஐஜிஎஃப்-1 ஏறுவது வயிறு நிறையக் கிடைக்கும் பாலால். முதல் கறவைச் சீம்பாலில் அந்த ஹார்மோன் உண்டு. அது பெரும்பாலும் குடலை வளர்க்கத்தான் உதவுகிறது.

ஆகவே அடுத்த ஈற்றுக்குக் கணக்கு இது. 3 கிலோ குட்டிக்குப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் 150 மில்லி சீம்பால், முதல் நாள் முழுக்க 600 மில்லி. 24 மணி நேரம் கடந்தால் குடல் எதிர்ப்புப் புரதங்களை உள்ளே விடாது. உறைந்த சீம்பாலை 50 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் வைத்து இளக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், புரதம் திரிந்துவிடும்.

இந்தக் குட்டியை வாரம் ஒருமுறை எடை போடுங்கள், கீழ் இமையை இறக்கி உள்நிறம் பாருங்கள். இமை வெளுத்து, மூச்சு வாங்கி, பால் மறுத்தாலோ, பிசிவி 20-க்குக் கீழ் போனாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தொப்புளில் கசிவு, உடம்பில் பேன், உண்ணி இருக்கிறதா என்று அவர் வருவதற்குள் பார்த்து வையுங்கள்.