நெஞ்சுப் பெருந்தமனி வீக்கத்துக்கு ஸ்டென்ட் வைக்கும் முன் கழுத்தில் ஏன் பைபாஸ்?

காலிலிருந்து ஸ்டென்ட் வைப்பதாகச் சொல்லிவிட்டு கழுத்திலும் ஏன் கத்தி என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

துணி போர்த்திய அந்த ஸ்டென்ட் பிடித்து நிற்க, வீக்கத்துக்கு முன்னால் சுமார் 2 செ.மீ. நல்ல குழாய் வேண்டும். வீக்கம் இடது கைக்குப் போகும் தமனியை ஒட்டியிருந்தால் ஸ்டென்ட் அதன் வாயையே மூடிவிடும். அது கைக்கு மட்டுமான குழாய் இல்லை, மூளையின் பின்பகுதிக்கும் தண்டுவடத்துக்கும் அதிலிருந்து கிளைகள் போகின்றன, முன்பே இதய பைபாஸ் செய்தவர் என்றால் பெரும்பாலும் அவர் இதயத்தின் ஒரு பகுதிக்கே ரத்தம் அந்த வழியாகத்தான் போகும். அதனால் முதலில் கழுத்துத் தமனியிலிருந்து கைத் தமனிக்கு ஒரு இணைப்பு போட்டுவிட்டு, அப்புறம்தான் மூடுவார்கள். பழைய வாயையும் அடைப்பார்கள், இல்லாவிட்டால் ரத்தம் பின்வழியாக வீக்கத்துக்குள் கசியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது தண்டுவடம். அங்கே ரத்தம் ஏற ரத்த அழுத்தம், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட நன்றாக அதிகமாக இருக்க வேண்டும். அதனால்தான் பிறகு பிரஷரைச் சற்று உயர்த்தியே வைப்பார்கள், சிலருக்கு முதுகில் குழாய் வைத்து நீரை வடிப்பார்கள். தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்தால் கால் பலமிழக்கும். ஓரிரு நாள் கழித்து அப்படி ஆனாலும் உடனே சொல்லுங்கள், சீக்கிரம் பிரஷரை ஏற்றினால் பலருக்குப் பலம் திரும்பிவிடுகிறது.